பாய்லரில் உப்பு எடுத்த செலவு

1944 நவம்பர் 20, திங்கள்

வெந்நீர் பாய்லர் இன்றும் மக்கர். கரி போட்டு முக்கால் மணி ஆகியும் தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. முன்பெல்லாம் இருபது நிமிஷத்தில் கை வைக்க முடியாது. மூடியைத் திறந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். கரி எரியும் நடுக்குழாயைச் சுற்றி விரல் கனத்துக்கு வெள்ளையாக உப்பு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் லட்சணம் அப்படி. பதின்மூன்று வருஷமாகப் படிந்திருக்கிறது.

தங்கை ஜானுவிடமிருந்து கடிதம். டிசம்பர் முதல் ஞாயிறு திருச்சியிலிருந்து வருகிறாள், பிரசவத்துக்கு. அம்மா போன பிறகு அவளுக்குப் பிறந்தகம் என்றால் மயிலாப்பூரில் இந்த வீடுதான். போன தடவை பிறந்த குழந்தை மூன்றாம் நாள் போய்விட்டது. உடம்பு சில்லிட்டுவிட்டது என்றாளாம் மருத்துவச்சி. இந்தத் தடவையும் குளிர்காலம். என் வீட்டில் எந்நேரமும் வெந்நீர் இருந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

நவம்பர் 23, வியாழன்

மீர்சாகிப்பேட்டையிலிருந்து பாத்திரப் பட்டறை குலாம் முகம்மது வந்தார். பாய்லரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், மறுபடி தட்டினார். டாக்டர் தோற்றார்.

உப்பு எடுக்க மட்டும் மூன்று ரூபாய். ஆனால் அதை மட்டும் செய்ய மாட்டாராம். "அந்த உப்புதாம்மா ஓட்டைய அடச்சிக்கினு கீது. சொரண்டினா ஒழுவும். ஈயத்த உருக்கி பத்து வெச்சே ஆவணும்." ஆக மொத்தம் பதினொன்று, பட்டறைக்குக் கொண்டுபோனால். துருத்தியும் கரியும் தூக்கிக்கொண்டு இங்கே கொல்லையில் வந்து செய்தால் பதினாலு.

என் வீட்டுக்காரர் துள்ளிக் குதித்தார். "புதுசா வாங்கினப்போ மொத்தமே இருபத்திரண்டு ரூபாய்யா!"

"வாத்தியார் சாமி, மலாயாவ ஜப்பான்காரன் புடிச்சதுலேர்ந்து, மூணு வருசமா ஈயமே வர்ல. இப்போ அந்தக் காசுக்கு மூடிகூட வராது."

பட்டறைக்கு அனுப்பவும் இவருக்கு மனசில்லை. பாய்லர் அங்கே போய்த் திரும்பினால் மடி ஆசாரம் போய்விடுமாம். அப்புறம் அந்த வெந்நீரில் இவர் எப்படிக் குளிப்பார்? மடிக்கு மட்டும் மூன்று ரூபாய் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். முறைத்தார். குலாம் முகம்மது போனதும், "இல்லாத ஓட்டைக்குக் காசு கேக்கறான். எல்லாம் யுத்தக் கொள்ளை" என்றார்.

நவம்பர் 26, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறவர் இல்லையா, தானே செய்கிறேன் என்று இறங்கிவிட்டார். ஒரு வருஷத்துப் பழம்புளியில் பாதி காலி. கரைத்து ஊற்றிக் கொதிக்க வைத்து, பிறகு ஜன்னல் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு குத்து குத்தென்று குத்தினார். அரை வாளி வெள்ளைக்கட்டி வந்தது. மத்தியானம் இருபதே நிமிஷத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

"பார்த்தியா விசாலம், பதினாலு ரூபாய் மிச்சம்!" என்றார். நானும் பெருமையாகத்தான் நின்றேன். எழுதி வைக்கிறேன், பிறகு அவர் மேல் மட்டும் பழி போடக் கூடாது.

நவம்பர் 27, திங்கள்

கரி நனைந்து அணைந்துவிட்டது. நடுக்குழாய்க்குள் தண்ணீர் சொட்டுகிறது.

நவம்பர் 29, புதன்

சுண்ணாம்பையும் வெல்லத்தையும் குழைத்து அடைத்திருக்கிறார். ஒழுகவில்லை. குலாம் முகம்மது பேச்சை எடுத்தால் பேப்பரை விரித்துக்கொள்கிறார்.

டிசம்பர் 4, திங்கள்

நேற்று ஜானு வந்தாள். கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. இன்று காலை அவளுக்கு வெந்நீர் போடப் போனேன், அடைப்பு பிய்த்துக்கொண்டது. ஸ்நான அறை முழுக்கச் சாம்பல் சேறு. சமையலறை அடுப்பில் தவலை வைத்தேன். ஈர விறகு, ஒரே புகை. ஜானு இருமிக்கொண்டே, "பரவாயில்லக்கா, பச்சத் தண்ணியே போறும்" என்றாள்.

போறுமாம்! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. யார்மேல் கத்துவது? இவர் மேல் கத்தினேன். துணியால் சேற்றை வழித்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்க்க இன்னும் கோபமாக வந்தது.

டிசம்பர் 5, செவ்வாய்

இவர் பள்ளிக்கூடம் போனதும் ரிக்ஷா வைத்து, பாய்லரை ஏற்றி, நானே மீர்சாகிப்பேட்டை போனேன். யார் பார்த்தால் என்ன.

குலாம் முகம்மது உள்ளே விளக்கைப் பிடித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாம்மா இது, கடப்பாரையால குத்தினீங்களா? ஊசி ஓட்டையா இருந்திச்சி. இப்போ நடுக்கொழாயே மாத்தணும்." பதினெட்டு ரூபாய். செப்புத் தகடு கிடைக்க வேண்டும், மூன்று நாலு வாரம் ஆகலாம்.

சரி என்றேன். அதற்குள் ஜானுவுக்குப் பிரசவமே ஆகிவிடும். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெட்கக்கேடு.

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் மனைவி அமீனா பீ கேட்டாள்: "இன்னாம்மா, யாருக்கு ஒடம்பு சரியில்ல?" சொன்னேன். தங்கை, மாசம் முடிந்துவிட்டது, போன குழந்தை மூன்றாம் நாள் போனது, எல்லாம். உள்ளேயிருந்தே புருஷனிடம் உருதுவில் இரண்டு வார்த்தை சொன்னாள். குலாம் முகம்மது எழுந்து போய்த் தன் வீட்டு பாய்லரைத் தூக்கிக்கொண்டு வந்தார். கரிச்சூடுகூட ஆறவில்லை.

"இத்த எடுத்துக்கினு போங்கம்மா. ஒங்களுது ரெடியானதும் மாத்திக்கலாம்."

நான் யோசித்தேனா? இல்லை. சட்டென்று கையை நீட்டிவிட்டேன். ரிக்ஷாவில் வரும்போதுதான் மடி ஞாபகம் வந்தது.

சாயங்காலம் இவர் வாசலிலேயே பார்த்துவிட்டார். "இது யாரோடது?" சொன்னேன். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். அவரோ போய்க் கிணற்றிலிருந்து இரண்டு வாளி இறைத்து வந்து அலம்ப ஆரம்பித்தார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே ஒரு பொட்டு உப்பு இல்லை.

அவரே தூக்கிக்கொண்டு போய் ஸ்நான அறையில் வைத்தார்.

டிசம்பர் 13, புதன்

பெண் குழந்தை. விடிகாலை ஐந்தே கால். ஜானு நன்றாக இருக்கிறாள்.

டிசம்பர் 15, வெள்ளி

மூன்றாம் நாள். ஜானு குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் ராத்திரியிலிருந்து பாய்லருக்குக் கரி போட்டபடியே இருந்தார். குழந்தை குளித்தது, பால் குடித்தது, தூங்கியது.

டிசம்பர் 16, சனி

இன்றும் குளித்தது. வீரென்று அழுகை. கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

டிசம்பர் 30, சனி

சாப்பிடும்போது இவர் கேட்டார்: "இத்தன நாளா குலாம் முகம்மது ஆத்துல வெந்நீருக்கு என்ன பண்றா?"

எனக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து நாளில் ஒரு தடவைகூட இதை நான் நினைக்கவில்லை.

1945 ஜனவரி 7, ஞாயிறு

நம் பாய்லர் தயார் என்று நேற்று ஆள் வந்து சொன்னான். இன்று காலை முழுவதும் இவர் அமீனா பீயின் பாய்லரோடு உட்கார்ந்திருந்தார். ஒரு மாசத்துக்குள் நம் தண்ணீரால் அதிலும் வெள்ளை பூத்துவிட்டது. புளி கரைத்து, தேங்காய் நாரால் தேய்த்தார். கம்பியைத் தொடவில்லை.

தானே ரிக்ஷாவில் கொண்டுபோய்க் கொடுத்து, நம்முடையதை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார். பதினெட்டு ரூபாய் கொடுத்தாராம். இரவலுக்கு வாடகை எவ்வளவு என்று இவர் கேட்டதற்கு, குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்றுதான் குலாம் முகம்மது கேட்டாராம். இத்தனை நாளும் அவர்கள் பட்டறை உலையில் குடம் வைத்துத்தான் வெந்நீர் காய்ச்சிக்கொண்டார்களாம்.

நம் பாய்லரின் மேல் இவர் தண்ணீர் ஊற்றி அலம்பவில்லை. நேரே உள்ளே கொண்டுபோய் வைத்தார். நான் பார்த்துவிட்டுக் கரி எடுக்கப் போனேன்.

இனி வருஷா வருஷம் கார்த்திகையில் உப்பு எடுத்துவிட வேண்டுமாம். பட்டறைக்கே கொண்டுபோய்விடலாம் என்கிறார். வீட்டுக்கு வரவழைப்பதைவிட மூன்று ரூபாய் குறையுமாம், அதற்காகத்தானாம்.