இடுப்பில் வைத்த போன்

மார்ச் 4

அக்காவின் சிறுநீரகம் என் அடிவயிற்றில் குடிவந்து மூன்று வாரம். கூடவே அவளுடைய எலும்பு மஜ்ஜையையும் ஏற்றியிருக்கிறார்கள். அந்தச் செல்கள் என் ரத்தத்தில் கலந்து, ‘இது நம்ம வீட்டுச் சிறுநீரகம்தான், அடிக்காதே’ என்று என் உடம்புக்குச் சொல்லிக்கொடுக்குமாம். உடம்பு கேட்காவிட்டால் சிறுநீரகம் போச்சு. மறுபடி டயாலிசிஸ்.

வேடிக்கை என்னவென்றால், அக்கா என்னோடு பேசி ஒன்பது வருஷம். என் கல்யாண வரவேற்பில் அவள் பாடிக்கொண்டிருந்தபோது மைக்கை அணைத்துவிட்டேன். பாட்டு முடிந்தால்தான் சாப்பாடு; எனக்குப் பசி, வேறென்ன. மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. அவளோ வாயே திறக்காமல் கையெழுத்துப் போட்டு, சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 5

பரிசோதனை முடிவு: என் ரத்தத்தில் நூற்றுக்கு இருபது செல் அக்காவுடையது.

மாலையில் அக்காவிடமிருந்து என் மனைவிக்குப் போன். “ஸ்பீக்கரைப் போட்டு அவன் இடுப்புல போனை வை. என் ஆளுங்ககிட்ட பேசணும்.”

வைத்தாள்.

“பசங்களா, அவன் முரடன். நீங்கதான் விட்டுக்கொடுத்துப் போகணும். கிட்னிய பத்திரமா பாத்துக்கங்க.”

“அக்கா…” என்றேன். துண்டித்துவிட்டாள்.

மார்ச் 12

முப்பத்தொன்று.

மார்ச் 19

இன்று செல்களுக்குப் பாடினாள். அதே பாட்டு. ஏழு நிமிஷம் இடுப்பு அதிர்ந்தது. அணைக்கவில்லை.

மார்ச் 26

நாற்பது! பாட்டால் ஏறியதா என்று டாக்டரிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டினார். “இல்லீங்க.”

அக்காவிடம் யார் சொல்வது?

ஜூன் 11

பன்னிரண்டாக இறங்கிவிட்டது. இன்னும் ரெண்டு பாட்டு பாடச் சொல்லலாமா? — சே, என்ன புத்தி இது.

ஆகஸ்ட் 6

பூஜ்யம். ஒரு செல்கூட இல்லை. போச்சு என்று நினைத்தேன்.

டாக்டர் சிரித்தார். “செல்லுங்க போகட்டும். உங்க உடம்பு பழகிடுச்சு. கிட்னி ஜோரா வேலை செய்யுது. எதிர்ப்பை அடக்குற மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடலாம்.”

அழுதுவிட்டேன். சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார். பாதிதான் சந்தோஷம். அக்கா இனி யாருக்குப் போன் செய்வாள்? பேசாமல் பொய் சொல்லிவிடலாமா?

ஆகஸ்ட் 7

போன் வந்தது. மனைவி இடுப்பில் வைத்தாள்.

“பசங்களா…”

“அக்கா, அங்க யாரும் இல்ல. எல்லாரும் போயிட்டாங்க.”

“கிட்னி?”

“நல்லா இருக்கு. நான் மட்டும்தான் கேட்டுட்டிருக்கேன். அன்னிக்கு மைக்கை அணைச்சது தப்புக்கா.”

அக்கா போனை வைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. மனைவியிடம் சொன்னாள்: “அவன் காதுல வை.”

நாற்பது நிமிஷம் திட்டினாள். காது இன்னும் சுடுகிறது.