உன் அக்கா டியூட்டியில்தான் இருந்தாள்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளை தவறாமல் சண்டை போட்டுக்கொண்டு நலமாக இருக்கிறோம், நீயும் மருமகளும் அந்தக் குளிரில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, நான் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் நொண்டுகிறார். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று அவரே கழற்றிப் பார்த்தார், இப்போது தண்ணீர் கூடம் வரைக்கும் வருகிறது. எனக்குப் பஸ்ஸில் அதே ரூட், அதே நெரிசல். கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்று டிப்போவில் சொன்னார்கள், வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு நாலு பேரைத் திட்டினாலாவது மனசு ஆறும் என்று சொல்லிவிட்டு டிக்கெட் பையை மாட்டிக்கொண்டேன்.

தீர்ப்பு வந்துவிட்டது. ஆயுள் தண்டனை. செய்தியில் நீயும் பார்த்திருப்பாய், ஆனாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அக்காவைக் கொன்னவனுக்கு நீ காவல் நிக்கிறியாம்மா" என்று கத்திவிட்டு அன்றைக்குப் போனை வைத்தவன்தான், அதற்கப்புறம் நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. நான் செய்ததற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை, ஏன் செய்தேன் என்று நீ முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அந்தச் சாயங்காலம் நடந்ததை நீ துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறாய். உன் அக்காவுக்கு டியூட்டி முடிந்து போலீஸ் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் நேரம் ஒரு போன் வந்திருக்கிறது. ஒரு குடியிருப்பின் இரண்டாவது மாடியில் ஒருத்தன் கதவைச் சாத்திக்கொண்டு பெண்டாட்டியை அடிக்கிறான், அவள் அலறுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசியிருக்கிறார்கள். யாரோ பெரிய மனிதர் ஊருக்கு வருகிறார் என்று ஸ்டேஷன் வண்டிகள் எல்லாம் பாதுகாப்புக்குப் போய்விட்டன. "புருஷன் பொண்டாட்டி சண்டைதானே, காலையில பாத்துக்கலாம், நீ வீட்டுக்குப் போம்மா" என்று இன்ஸ்பெக்டர் சொன்னாராம். "காலையில போய்ப் பாக்கறதுக்கு அவ உயிரோட இருக்கணுமே சார்" என்று இவள் சொல்லிவிட்டு, வாக்கிடாக்கியை எடுத்துக்கொண்டு தன் ஸ்கூட்டரிலேயே போயிருக்கிறாள். போகாதே என்று அவர் தடுக்கவும் இல்லை, கூட ஒரு ஆளை அனுப்பவும் இல்லை. கதவைத் தட்டி, "வெளிய வாங்க, ஸ்டேஷன்ல உக்காந்து பேசிக்கலாம்" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டிருக்கிறாள். அவன் கதவைத் திறந்ததும் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டிருக்கிறாள். அவன் உள்ளே போய்க் கத்தியோடு வந்தான். அந்தப் படிக்கட்டை நான் பிறகு போய்ப் பார்த்தேன், சின்னவனே, இரண்டு கையையும் விரித்தால் இந்தச் சுவரையும் அந்தச் சுவரையும் தொடலாம், அவ்வளவு குறுகல். உன் அக்கா அப்படித்தான் கையை விரித்து நின்றிருக்கிறாள். அந்தப் பெண் கீழே ஓடி ஒரு வீட்டுக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொள்ளும் வரைக்கும் அவனால் ஒரு படி இறங்க முடியவில்லை. அதற்கப்புறம் ஆட்கள் மேலே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் ஓடக்கூட இல்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அவளைக் கடைசியாக வழியனுப்பிவிட்டு வந்த மறுநாள் அவளோடு வேலை பார்த்த இரண்டு பையன்கள் வந்தார்கள். இருவருக்கும் அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், பெரியவன் குரலைத் தாழ்த்தி, "நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா, அவன் கோர்ட்டுப் படியே ஏறமாட்டான், கூட்டிட்டுப் போற வழியில ஓடப் பாத்தான்னு முடிஞ்சுரும், மேல இருக்கறவங்களும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றான். எனக்கு மட்டும் ரத்தம் இல்லையா? முந்தின ராத்திரி முழுக்க அவன் கழுத்தை என் கையாலேயே நெரிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். ஆனால் அந்தப் பையன் வாயால் அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "என் பொண்ணு அவனை ஸ்டேஷனுக்குத்தான் கூப்பிட்டா, சுடுகாட்டுக்குக் கூப்பிடலை. அவ ஆரம்பிச்ச வேலையை ஒழுங்கா முடிங்க, அவ பேரைச் சொல்லி வேற வேலை பாக்காதீங்க" என்று சொல்லி எழுந்துவிட்டேன். அவர்கள் போனபிறகு அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே, "ஒரு வார்த்தைதானே கேட்டாங்க, சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

விடிந்ததும் கோர்ட்டுக்குப் போய் ஒரு வக்கீல் அம்மாளைப் பிடித்து, அவனை உயிரோடு கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று மனு போட்டேன். வக்கீல் அம்மாள் என்னை இரண்டு தடவை கேட்டார், நீங்கள் இறந்துபோனவரின் அம்மாவா, அவனுடைய அம்மாவா என்று. நீதிபதி உத்தரவு போட்டுவிட்டார். செய்தி வெளியே போனதும் தெருவே என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. உன் சித்தப்பா போன் செய்து எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று அப்பாவிடம் ஆறுதல் சொன்னார். பஸ்ஸில் ஒருத்தி, உன் கையால் டிக்கெட் வாங்கமாட்டேன் என்றாள், "அப்ப எறங்கி நடங்க" என்று விசிலடித்து வண்டியை நிறுத்திவிட்டேன். கடைசியில் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் வந்தாள், அவளுக்கும் அவசரம் இருக்கும் அல்லவா. அந்தச் சமயத்தில்தான் நீயும் போனை வைத்தாய். மற்றவர்கள் பேசியதெல்லாம் என் காலுக்குக் கீழே போயிற்று, உன்னுடையது மட்டும் தொண்டையில் நின்றது.

இனிமேல் எழுதுவதை நிதானமாகப் படி. வழக்கு தொடங்கியதும் அவனுடைய வக்கீல் என்ன சொன்னார் தெரியுமா, அந்தப் போலீஸ் அம்மாவுக்கு டியூட்டி முடிந்துவிட்டது, அவர் அரசாங்க வேலையாக வரவில்லை, சொந்த விருப்பத்தில் ஒரு குடும்பத்துக்குள் மூக்கை நுழைத்தார், அதனால் கைகலப்பு வந்தது என்றார். அதையாவது அவருடைய பிழைப்பு என்று விடலாம். இன்ஸ்பெக்டர் கூண்டில் ஏறி, ஆமாம், நான் அனுப்பவில்லை, அவராகப் போனார், அவரிடமிருந்து எந்தத் தகவலும் எங்களுக்கு வரவில்லை என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனை வழியிலேயே முடித்திருந்தால் இந்த வழக்கே இல்லை. வண்டி ஏன் போகவில்லை, அவள் உதவி கேட்டாளா, கேட்டதற்கு யார் என்ன பதில் சொன்னார் என்று கேட்க ஒரு இடமே இருந்திருக்காது. மாலை போட்டு, படம் மாட்டி, அவளோடு சேர்த்து எல்லாவற்றையும் புதைத்திருப்பார்கள். அழுதுகொண்டு வந்த அந்தப் பையன்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் காதில் யார் ஊதினார்களோ. மனு போட்டபோது இந்தக் கணக்கெல்லாம் எனக்கும் தெரியாது. தப்பு தப்புதான் என்ற ஒன்றுதான் தெரியும்.

என்னையும் கூண்டில் ஏற்றினார்கள். உங்கள் மகளின் வேலை நேரம் முடிந்துவிட்டது உங்களுக்குத் தெரியும்தானே, ஆமாம் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்று அந்த வக்கீல் மடக்கினார். நான், "ஐயா, நான் கண்டக்டர். என் ஷிப்டு முடிஞ்சிருச்சுன்னு நடு ரோட்டுல ஜனங்களை எறக்கி விட்டுட்டு வீட்டுக்குப் போனா நீங்க என்னைச் சும்மா விடுவீங்களா? வண்டி போய்ச் சேர்ற வரைக்கும் டியூட்டிதான். எம் பொண்ணும் அந்தப் பொண்ணு போய்ச் சேர்ற வரைக்கும் டியூட்டியிலதான் இருந்தா" என்றேன். நீதிபதி, "அம்மா, மைக் இருக்கு, இவ்வளவு சத்தம் வேண்டாம்" என்றார். பின் படிக்கட்டில் நிற்பவனுக்கும் கேட்கும்படி கத்திப் பழகிய தொண்டை, என்ன செய்வது. மன்னிச்சுக்குங்க ஐயா என்று சொன்னேன், ஆனால் சத்தத்தைக் குறைத்ததாக ஞாபகம் இல்லை.

ஆனால் வழக்கைத் திருப்பியது நான் இல்லை, அந்தப் பெண்தான். அவள் வரமாட்டாள், புருஷன் வீட்டார் மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். வந்தாள். தாடையில் தையல் போட்ட தழும்போடு, கூண்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். உன் அக்கா வாக்கிடாக்கியில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டதையும், கடைசியில் ஒரு ஆண் குரல், "வண்டி இல்லை, நீ திரும்பி வந்துடு, இது என் உத்தரவு" என்று சொன்னதையும் தன் காதால் கேட்டதாகச் சொன்னாள். அந்த வக்கீல் துள்ளிக் குதித்து, பார்த்தீர்களா, மேலதிகாரியின் உத்தரவையே மீறியிருக்கிறார் என்றார். அவள் அவரைப் பார்த்து, "ஆமா, மீறினாங்க. திரும்பிப் போயிருந்தா நான் இன்னிக்கு இங்க நிக்கமாட்டேன், என்னைக் கொன்னதுக்கு நீங்க கேஸ் நடத்திக்கிட்டிருப்பீங்க" என்றாள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், "நல்லவேளை, நீ அந்த ஒரு வார்த்தையைச் சொல்லலை" என்றார். அவ்வளவுதான் சொன்னார், உன் அப்பாவுக்கு அதுவே பெரிய பேச்சு.

டியூட்டியில் இல்லாத ஆளைத் திரும்பி வா என்று எப்படி உத்தரவு போட முடியும் என்று நீதிபதியே இன்ஸ்பெக்டரை மறுபடி கூப்பிட்டுக் கேட்டார். கடமையில் இருந்தபோதுதான் கொல்லப்பட்டார் என்று தீர்ப்பில் எழுதிவிட்டார்கள், உதவி அனுப்பாததற்கும் பொய் சாட்சி சொன்னதற்கும் இன்ஸ்பெக்டர் மேல் தனியாக விசாரணை என்றும் எழுதிவிட்டார்கள். தண்டனையைக் கேட்டதும் அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கண்ணை எடுக்கவில்லை, கடைசியில் அவன்தான் தலையைக் குனிந்தான். இனி ஒவ்வொரு நாளும் எழுந்து, அவளைக் கொன்றவன் நான் என்ற நினைப்போடு அவன் இருக்கட்டும். உனக்கு இது போதாது என்று தோன்றலாம், அதை நேரில் வந்து என்னோடு சண்டை போடு.

தீர்ப்புக்கு அப்புறம் போலீஸில் ஒரு பெரிய அதிகாரி வீட்டுக்கே வந்திருந்தார். பெண்ணுக்கு நல்ல பெயர் கிடைத்துவிட்டது, ஸ்டேஷனில் அவள் படத்தைத் திறந்து வைக்கப்போகிறோம், இன்ஸ்பெக்டர் விஷயத்தை விட்டுவிடுங்கள், அவருக்கும் குடும்பம் இருக்கிறது என்று இதமாகப் பேசினார். "குடும்பம் இருக்குன்னு தெரிஞ்சுதான் கோர்ட்டுல கேக்கறேன், தெருவுல நிறுத்திக் கேக்கலை. விசாரணை முடியட்டும், படத்தை அப்புறம் மாட்டுங்க" என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

விசாரணைக்கு என்னைச் சாட்சியாக அழைத்திருக்கிறார்கள், அடுத்த மாதம். அந்தப் பெண்ணும் வருகிறாள். நீயும் லீவு போட்டுவிட்டு வந்து சேர், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வராதே, நிமிர்ந்து வா, உன் அக்காவுடைய தம்பியாக வா. அதற்கு முன்னால் அப்பாவிடம் பேசு, தினமும் போனைத் துடைத்துத் துடைத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். மருமகளுக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் எதற்கும் யாருக்கும் பயப்படாமல் நீண்ட காலம் நன்றாக இருங்கள், உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளும் அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
விசாரணைக்குத் தயாராக இருக்கும்
உன் அம்மா