ஏழாம் குப்பியின் வளையம்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு, அநேக வணக்கம்.

உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் இங்கே வந்து ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன். அந்த அளவுக்கு நலம்.

ஆடுகூடத் தொடாத ஆடாதோடை இலையை ஏழு மாதமாகக் கட்டிக்கொண்டு அழுகிறேனே, அதில் ஒரு கூத்து. சாற்றைப் பிரித்துப் பிரித்து, ஆல்கஹாலில் கரைத்துப் பத்துக் குப்பிகளில் வைத்திருந்தேன். கிருமியைக் கொல்வது எந்தக் குப்பி என்று இந்த வாரம் தெரியாவிட்டால் இலைக்கு முழுக்கு என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

கிருமி வளர்த்த தட்டில் ஏழாம் குப்பிச் சாறு நனைத்த காகித வில்லையை வைத்தேன். மறுநாள் அதைச் சுற்றிக் கிருமியே இல்லாமல் தெளிவாக ஒரு வளையம். மேலதிகாரி எல்லாருக்கும் கேக் வாங்கிவிட்டார்.

இரண்டாம் துண்டை விழுங்கும்போதுதான் பக்கத்துத் தட்டைப் பார்த்தேன். அதில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்த, வெறும் ஆல்கஹால் நனைத்த வில்லை. அதற்கும் அதே வளையம். அவசரத்தில் வில்லைகளை உலரவிடாமலே வைத்திருக்கிறேன். கிருமியைக் கொன்றது ஆல்கஹால்.

போய்ச் சொன்னேன்.

"ஏம்மா, கேக்கைத் தின்னு முடிச்சிட்டுத்தான் சொல்லணுமா?"

"முன்னாடியே சொன்னா கிடைக்காதே சார்."

சிரித்துவிட்டு இரண்டு நாள் கொடுத்தார். இந்த முறை வில்லைகள் காயும்வரை பக்கத்திலேயே காவல் இருந்தேன். இன்று ஆல்கஹால் வில்லைக்கு வளையமே இல்லை. ஏழாம் குப்பிக்கு இருக்கிறது. சின்னதுதான், ஆனால் நிஜம். இன்னும் ஒரு வருடம் இருந்து பார்க்கச் சொல்லிவிட்டார். நானும் தலையாட்டிவிட்டேன்.

உங்கள் பழைய கட்டம்போட்ட சட்டை ஒன்று அனுப்புங்கள். வேலையில் கறைபடாமல் மேலே போட்டுக்கொள்ளத்தான். துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

தட்டு எடுக்கக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள்
கிருமிக்காரி