வண்டு எழும்பும்வரை

மச்சாள்,

உங்கள் முதலாம் வருட ஆட்டைத் திவசத்துக்குப் பூ வெட்ட இன்று காலை தோட்டத்துக்குப் போனேன். டேலியா குறைவில்லாமல் பூத்திருக்கிறது. ஆனால் நான் கத்தரியைக் கொண்டுபோன மஞ்சள் பூ ஒவ்வொன்றிலும் ஒரு தடித்த வண்டு, குளிரில் விறைத்துப்போய்ப் படுத்திருந்தது. கத்தரியைப் பைக்குள் போட்டுவிட்டு, ஒன்றைப் போனில் படம் எடுத்தேன்.

இந்தக் குளிர்நாட்டுக்கு வந்தபின், ஓஸ்டர்முண்டிகனில் நாம் இருவரும் ஒன்றாக வாடகைக்கு எடுத்த தோட்டம் இது. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போகுமுன் சாமிக்குப் பூ எடுக்க வருவோம். நீங்களோ பூவை மறந்து, ஈரச் சருகில் குப்புறப் படுத்துப் பூச்சிகளைப் படம் எடுப்பீர்கள். வெயில் ஏறினால் எல்லாம் பறந்துவிடும் என்பதால் குளிர்தான் உங்களுக்குத் தோது. சிவந்த மேப்பிள் இலையில் எனக்கு இலை மட்டும்தான் தெரியும்.

"வடிவாப் பாரும்," என்பீர்கள்.

பார்த்தால், தொட்டால் நாறுகிற அந்தப் பச்சைப் பூச்சி, பழுப்பு நிறமாக மாறி அசையாமல் இருக்கும். "அதுவும் குளிர்ச்சட்டை போட்டிட்டுது."

"உங்களுக்குப் பூச்சி விசர், மச்சாள்," என்று சிரிப்பேன். வண்டு உறங்கும் பூவை மட்டும் நீங்கள் வெட்ட விட்டதே இல்லை. "சாமி பொறுப்பார். இது கீழை விழுந்துதெண்டா குளிரிலை செத்துப்போம்."

இன்று சாமி மட்டும் பொறுத்தால் போதாது. உங்கள் தம்பி போனில் கூப்பிட்டார். என் கணவரானாலும் உங்களிடம் வளர்ந்தவர்; நேரம் பிந்தினால் அவருக்கு எப்படிக் கோபம் வரும் என்று உங்களுக்குத் தெரியாததா?

"ஐயர் வந்திட்டார். பூ எங்கை?"

"பூவுக்குள்ளை வண்டு படுத்திருக்கு. வெயில் வரட்டும்."

"இண்டைக்குமோ?"

"ஓம். இண்டைக்குத்தான்."

ஏசப்போகிறார் என்று நினைத்தேன். செத்தவீட்டிலும் அழாத மனிதர், மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "படம் எடுத்தனீரோ?" என்றார்.

உங்களை நினைத்து இந்த ஒரு வருடம் நான் அழாத நாள் குறைவு. வேலியோரம் குந்தியிருந்த அந்த நேரம் மட்டும் அழுகை வரவில்லை. வெயில் மெல்ல வந்தது. முதல் வண்டு ஒரு காலை அசைத்தது, உடம்பை உதறியது, பறந்தது. மற்றவையும் பறந்த பிறகே வெட்டினேன்.

வீட்டில் உங்கள் படத்தடியில் பூவை வைத்ததும், உங்கள் தம்பி என் போனில் இருந்த வண்டின் படத்தை ஐயரிடம் நீட்டினார். "அக்கா இருந்திருந்தா இதைத்தான் பாத்துக்கொண்டிருப்பா, ஐயா."

இனி ஒவ்வொரு வருடமும் உங்கள் திவசம் கொஞ்சம் பிந்தித்தான் தொடங்கும், மச்சாள். ஐயருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.