பொழுது சாய்வதற்குள் ஒரு பந்தி

என் ஆசை மாப்பிள்ளை சேகருக்கு,

ஆரணிக் கோட்டை மேலும் என் மைக் செட்டின் குழாய் ஸ்பீக்கர்கள் மேலும் ஆணையாகச் சொல்கிறேன். இங்கே நான் எழுதப் போகும் கதையை ஒருவரும் நம்பப் போவதில்லை. நீ அதற்குள்ளேயே இருந்தவன், நீயும் நம்பமாட்டாய்.

உன் காரியம் முடிந்து பந்தல் பிரித்தாயிற்று. உங்கம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வந்தவர்கள் எல்லாம் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். ஊரில் எவன் போனாலும் அவனைப் பற்றி நாலு கதை சொல்லி, அழுகிறவர்களையும் சிரிக்க வைத்து அனுப்புகிற ஆளாயிற்றே நான். சொந்த அக்கா மகனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் தாடை எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது உள்ளே. தொட்டால் தெரிகிறது. வலிக்கவில்லை.

காமாலை என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வருவாய் என்றுதான் உன் சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்திருந்தேன். அது இன்னும் இறங்கவில்லை, தெரியுமா?

சரி, கதைக்கு வருகிறேன்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம். நீ காலேஜ் யூனியனுக்கு மாணவர் பிரதிநிதியாக, 'ரெப்'பாக, நின்றாய். நம் தெரு நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் உன் பக்கம். உனக்காக நான் செய்த பிரச்சாரத்தில் திருவண்ணாமலை ஜில்லாவே அதிர்ந்தது. (அப்போது அப்படி ஒரு ஜில்லா இல்லையாம். அதனால் என்ன? நான் அதிர வைத்த அதிர்ச்சியில்தான் பின்னால் தனியாகப் பிரிந்தது.) ஏழு யானை முன்னால் வந்தது. போளூர் ஸ்டேஷனில் நின்ற ரயில் என் குரலைக் கேட்டு, சிக்னல் விழுந்துவிட்டதென்று கிளம்பிப் போய்விட்டது. நீ ஜெயித்தாய். யூனியன் போர்டில் பிரின்சிபாலுக்கு எதிர் நாற்காலி உனக்கு.

ஓட்டுக் கேட்கப் போனபோது பத்மாவதி உன்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. பெரணமல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண். கெமிஸ்ட்ரி. "லேப் இருக்கிற நாள்ல நாலரை பஸ் போயிடுது. அடுத்த பஸ்ஸு ஆறரைக்கு. அன்னிக்கெல்லாம் எனக்குப் பட்டினிதான். அப்பா படிப்பை நிறுத்திடறேன்னு சொல்லிகினு இருக்காரு."

"ஜெயிச்சதும் மொத வேலை அதுதான்" என்று மார்தட்டினாய். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்டாயா நீ?

முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டாய். லேப் முடிந்து காத்திருக்கும் மாணவர்களுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கேன்டீனில் இலவச டிபன். ஒருமனதாக நிறைவேறியது. திறப்பு விழாவுக்கு என் மைக் செட். மாசம் மார்கழி. போண்டா ஒவ்வொன்றும் கோட்டை பீரங்கிக் குண்டு அளவு இருந்தது. ஒன்றைத் தூக்கி வர இரண்டு ஆள் வேண்டியிருந்தது. பிரின்சிபால் முதல் போண்டாவைக் கடித்தார், நான் "உலக வரலாற்றிலேயே" என்று ஆரம்பித்தேன், நீ இரண்டாவது தட்டை எடுத்துக்கொண்டு நேரே பத்மாவதியிடம் போனாய்.

அவள் கையை நீட்டவில்லை.

"ஏன், எண்ணெய் ஜாஸ்தியா?"

"பொழுது சாஞ்சிடுச்சு சேகர். விளக்கு வெச்சப்புறம் எங்க வீட்ல யாரும் வாய்ல எதுவும் போடமாட்டோம். பொழுது இருக்கிறப்பவே வீடு போய்ச் சேர முடியல, அதனால பட்டினி. அதைத்தான் சொன்னேன்." அப்புறம் தட்டைப் பார்த்து மெதுவாக, "உள்ள உருளைக்கிழங்கு வேற. மண்ணுக்குக் கீழ வெளையறதையும் நாங்க தொடறதில்ல."

ஒரே போண்டாவில் இரண்டு தப்பு! அதைச் செய்ய நம் தெருவில் பிறந்தவனால்தான் முடியும். பசி என்றால் நமக்குத் தெரிந்தது சோறு இல்லாத பசி. சோறு காத்திருக்க, சூரியன் முந்திக்கொள்கிற பசியை நாம் பார்த்ததில்லை. அவள் மாதிரி நயினார் வீட்டு, அதாவது நம் பக்கத்துச் சமணர் வீட்டு, கல்யாணங்களுக்கு எத்தனை தடவை மைக் கட்டியிருக்கிறேன்? ராத்திரிப் பந்தியே கிடையாதே அங்கே. நீ என்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சுற்றிலும் எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நீ தட்டோடு அப்படியே நின்றாய்.

தை பிறந்ததும் படிப்பை நிறுத்துவதென்று அவள் வீட்டில் முடிவாகிவிட்டது என்று மறுவாரம் கேள்விப்பட்டாய். லேப் முழு நேரம் நடக்க வேண்டும், நாலரை பஸ்ஸும் கிடைக்க வேண்டும். அதற்கு ஒரே வழிதான் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் பாதியை வெட்டி, வகுப்புகளை முன்னால் தள்ளுவது.

"வேணாம்டா மாப்ளே" என்றேன். நான் சீரியஸாகப் பேசினது என் ஆயுசில் அன்றைக்குத்தான். "அந்த ஒரு மணி நேரத்துல உனக்கு ஓட்டுப் போட்டவன் எல்லாம் ஜல்தியா வீட்டுக்கு ஓடறான். சாப்பிட்டுட்டு அப்பனுக்குத் துணையா தறியில பக்கத்துல உட்கார்ந்து சேலைக் கரைக்குக் கொஞ்சம் நாடா தள்ளிட்டு வரான். அதுல கையை வெச்சா உன் நாற்காலி போயிடும்."

"நாற்காலி காலேஜோடது மாமா" என்றாய்.

போர்டுக் கூட்டத்தில் நான் இல்லை. இருந்தாலும் ஜன்னலுக்கு வெளியே ஒயர் சரி பார்க்கிற மாதிரி நின்று எல்லாவற்றையும் கேட்டேன். யூனியன் சேர்மனாக இருந்த பையன் கிண்டலடித்தான். "போன மாசம் போண்டா கேட்டே, குடுத்தோம். இந்த மாசம் சூரியனைப் புடிச்சு நிறுத்தணுமா?" சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது. "ஒருத்திக்காக மொத்த காலேஜோட சாப்பாட்டு நேரத்தைப் புடுங்கறியே, நீ யாருக்கு ரெப்பு?"

நீ சொன்னாய்: "மொத்த காலேஜுக்கும் வாய் இருக்குது, அவங்களே பேசிக்குவாங்க. அந்த ஒருத்திக்குத்தான் ரெப்பு வேணும். போண்டா என் தப்பு. அதை இந்தக் கூட்டத்துலேயே வாபஸ் வாங்கிக்கறேன். அவ படிப்பு நின்னா அதுவும் என் தப்பாயிடும். அதை எந்தக் கூட்டத்துல வாபஸ் வாங்கறது?"

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கண்ணாடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் வழிந்தது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். தீர்மானம் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது.

அப்புறம் நம் தெருவில் நீ பட்ட பேஜார் இருக்கிறதே! "இன்னாடா, நயினார் வீட்டுக்கு வேலை செய்யவா உனுக்கு ஓட்டுப் போட்டோம்?" என்று டீக்கடையிலேயே கேட்டார்கள். உங்கப்பா தறியிலிருந்து எழுந்து வந்து, "என் பக்கத்துல உக்கார ஆளு இல்ல, நீ இன்னா தலைவரு?" என்றார். நீ விடியும் முன்னால் எழுந்து அவருக்குத் துணையாக உட்கார்ந்துவிட்டு, தூக்குச் சட்டியில் சோறு கட்டிக்கொண்டு காலேஜ் போனாய்.

அடுத்த தேர்தலில் மூழ்கினாய் மாப்ளே. வங்காள விரிகுடாவில் கப்பல் மூழ்கினால்கூட மிதக்க ஒரு பலகை மிஞ்சும், உனக்கு அதுவும் மிஞ்சவில்லை. முடிவை என் மைக்கில், என் வாயால் அறிவிக்க வைத்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்கிறேன், நீ கீழேயிருந்து, "ஜோரா சொல்லு மாமா, நாலரை பஸ்ஸைப் புடிக்கிறவங்க காத்துகினு இருக்காங்க" என்கிறாய். ஜோராகத்தான் சொன்னேன். தோற்றவனுக்கு அப்படி ஒரு அறிவிப்பு எந்த ஊரிலும் நடந்ததில்லை.

அதற்கப்புறம் நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஏன்? வருத்தமா, மறந்துவிட்டாயா? கேட்டிருக்கலாம் நான். பட்டுக் கடையில் உன் கணக்கு வேலை, என் மைக் செட், அப்புறம் காமாலை என்று நாள் ஓடிவிட்டது.

இங்கே செய்தி என்னவென்றால், நாலரை பஸ் இப்போதும் ஓடுகிறது. பத்மாவதி தேவிகாபுரத்தில் டீச்சர். உன்னை எடுத்த அன்றைக்கு வந்திருந்தாள். சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பேர் சாப்பிடச் சொன்னார்கள். எழுந்திருக்கத் தோன்றவில்லை. யாரையோ எடுத்த வீட்டில் நான் மைக் கட்ட வந்த மாதிரி இருந்தது. அவள் மேற்கே ஒரு தடவை பார்த்தாள். உள்ளே போய் இலையும் சோறும் கொண்டுவந்து எனக்கு முன்னால் போட்டாள்.

"பொழுது சாயப் போவுது மாமா. சாப்பிடுங்க. நீங்க சாப்பிட்டாத்தான் நானும் சாப்பிட முடியும். விளக்கு வெச்சுட்டா எனக்கு இன்னிக்குப் பட்டினி. சேகர் இருந்தா விட்டிருப்பாரா?"

சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. புளிக்குழம்பா ரசமா என்றுகூடத் தெரியவில்லை. அவளும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கடைசி வாய்க்கு அப்புறம்தான் தெருவில் விளக்கு எரிந்தது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி இந்த வட்டாரத்தில் என் மைக் கட்டுகிற எந்தக் கல்யாணமானாலும் சரி, பாட்டை நிறுத்திவிட்டு நான் சொல்வேன்: "பொழுது சாயப் போகிறது, ராத்திரி சாப்பிடாதவர்கள் முதல் பந்திக்கு வரலாம்." அப்படி ஒருத்தர்கூட அந்தப் பந்தலில் இல்லாவிட்டாலும் சொல்வேன்.

யானை பொய். ரயில் பொய். போண்டாவை நான் ஒருத்தனே ஒரே கையில் நாலு எடுத்தேன். பிரின்சிபால் கண்ணாடியில் இருந்தது வெறும் தூசி. உன் பேச்சைக்கூட அங்கங்கே நான் தட்டி நிமிர்த்தியிருப்பேன், மைக்காரன் புத்தி. ஆனால் உன்னைக் கொளுத்திவிட்டு வந்த அன்றைக்கு, வெளிச்சம் இருக்கும்போதே நான் சாப்பிட்டேன் என்று எழுதியிருக்கிறேன் பார், அந்தச் சின்ன இடம் மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
உன் சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்திருக்கும்
தாய்மாமன்