ஞாயிற்றுக்கிழமைக் கையெழுத்து

17.8.2004, செவ்வாய்

குஞ்சு, இன்றைக்கும் கச்சான் காற்றுத்தான். முற்றம் கூட்டக் கூட்டப் புழுதி. உன் திருநாள் சட்டையைத் தோய்த்துக் காயப் போட்டேன். போட ஆளில்லை என்பது கொடியில் விரித்த பிறகுதான் நினைவு வந்தது.

வியாழன் வவுனியாக் கோட்டில் வழக்கு. உனக்கும் மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் செய்த கெடுதிக்கு அவனுக்குப் போன வருடமே தீர்ப்பு. ஆனால் மறியற்சாலைக்குப் போகவில்லை. ஒத்திவைத்த தண்டனை. ஞாயிறு தவறாமல் வவுனியாப் பொலிசில் கையெழுத்து வைக்க வேண்டும், உங்கள் மூன்று பேரோடும் கதைக்கக் கூடாது. மீறினால் உள்ளே. அந்தோனியார் திருநாள் ஞாயிறு கையெழுத்து வைக்கவில்லை. இங்கே செட்டிகுளத்தில் சொரூபம் தூக்கிக்கொண்டு நின்றான்.

வாங்க: சவுக்காரம், தேங்காயெண்ணெய், மெழுகுதிரி.

18, புதன்

மூப்பர் வந்தார். கோயில் காரியம் பார்ப்பவர். அவனைத் தோள் கொடுக்க விட்டவரும் அவர்தான். நேர்த்திக்கடன் என்று வந்தவனை மறிப்பது வழக்கமில்லையாம். கதிரை போட்டும் உட்காரவில்லை.

"அந்தோனியாரைத் தூக்கின தோளை மறியலுக்கு அனுப்பப் போறியோ, பிள்ளை?"

குசினிக்குள் மீன் பொரித்துக்கொண்டிருந்த றீற்றா மச்சாள்தான் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"அந்தோனியார் மரம், மூப்பர். எந்தத் தோள் எண்டு அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே."

போய்விட்டார். மச்சாள் அழுதார். மீன் கருகல்.

மத்தியானம் முழுக்க அந்தத் திருநாள் நினைப்புத்தான். எங்கள் வாசல் படலையடியில் மேசை, மெழுகுதிரி. சொரூபம் வந்து நிற்கிறது. தூக்கி வருகிறவர்களுக்கு வீட்டுச் சின்னப் பெண்பிள்ளைதான் தண்ணீர் கொடுப்பது. தட்டத்தில் தேசிக்காய்த் தண்ணீரோடு நீ, வெள்ளைச் சட்டையில். காற்றுக்கு அணைந்த திரியை நான் திரும்பக் கொளுத்திக்கொண்டிருக்கிறேன். நிமிர்ந்தால் கடைசித் தோள் அவனுடையது. கையில் நீ கொடுத்த தண்ணீர்ப் பேணி. குனிந்திருக்கிறான், வாய் உன் காதடியில். மணிச் சத்தம், பாட்டு. நீ தட்டத்தை வைத்துவிட்டு ஓடிப்போய் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்தாய்.

கேட்டேன். எத்தனையோ தரம் கேட்டேன். சொல்லவில்லை. அன்றிலிருந்து சாப்பாடில்லை. பிறகு காய்ச்சல். பிறகு ஆசுபத்திரி. பிறகு நீ இல்லை.

19, வியாழன்

பஸ்ஸில் நெரிசல். மச்சாள் கூட வந்தார்.

அவனுடைய சட்டத்தரணி நன்றாகப் படித்த ஆள். ஒரேயொரு ஞாயிறுதான் விடுபட்டது, அதுவும் நேர்த்திக்காக என்றார். மூப்பர் தலையாட்டினார். நான் படலையடியில் கண்டதைச் சொன்னேன். பிள்ளைதான் அவனிடம் போனதாம் என்றார் சட்டத்தரணி. சொரூபம் தோளில் இருக்கிறவன் விலகி நிற்க முடியாதாம். குனிந்தது தண்ணீர் குடிக்கவாம்.

உன் சாவு இந்த வழக்கில் இல்லை என்றார்கள்.

நீதிபதி என்னிடம் மெதுவாகத்தான் கேட்டார்.

"அவர் பிள்ளையோட கதைச்சவரா, அம்மா? பிள்ளை உங்களிட்டச் சொன்னதா?"

ஓம் என்றால் இன்றைக்கே உள்ளே. அது எனக்கு விளங்கியது. ஓம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வேதப் புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணியிருந்தேன்.

"பிள்ளை ஒண்டும் சொல்லேல்லை, ஐயா."

தண்டப் பணம். இனிக் கிழமைக்கு இரண்டு தரம் கையெழுத்து. இன்னொரு தரம் தவறினால் மறியல் என்று எச்சரிக்கை. அவ்வளவுதான். மூப்பரின் மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு ஏறிப் போனான்.

வரும் வழி முழுக்க மச்சாள் என் கையை விடவில்லை. ஓம் எண்டிருக்கலாமே என்று ஒரே ஒரு தரம்தான் சொன்னார்.

சட்டை இன்னும் கொடியில். புழுதி படிந்து போய். எடுக்க மனமில்லை.

மணிச் சத்தத்துக்குள்ளே குனிந்து அவன் உன் காதில் என்ன சொன்னான், குஞ்சு?