இருபத்தாறு அங்குலத்தில் ஒரு வெளிச்சம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் வந்தது அந்த வெளிச்சம். இருட்டிய பிறகு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். மேற்கே பார்த்துக்கொண்டு நிற்கிறேன் — வலப்பக்க ஓரத்தில் வானத்தில் வளைவாக ஒரு கீற்று. திரும்புவதற்குள் காணோம். மூன்றாவது நாள் இது.

இவரிடம் சொன்னால், "சோடாபுட்டிக்குத் தெருவிளக்குகூட பறக்கும் தட்டுதான்" என்கிறார். பெண்டாட்டியைக் கிண்டல் பண்ணாவிட்டால் இந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது.

போகட்டும். வானாய்வு நிலையத்துக்கு எழுதிவிட்டேன். இப்படி எதையாவது பார்த்தால் தெரிவிக்கச் சொல்லி நூலகத்தில் படிவம் வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் எவ்வளவு தள்ளி இருந்தது என்பதைக் கையை நீட்டி முஷ்டிக் கணக்கில் அளக்க வேண்டுமாம். முஷ்டியாவது! இருபத்தெட்டு வருஷமாகப் பள்ளிச் சீருடைக்குத் துணி வெட்டுகிறவள் நான். மூன்று நாளும் கையெட்டும் தூரத்தில் டேப்பைப் பிடித்துத்தான் அளந்தேன்.

மார்ச் 6, வியாழன்

வெள்ளைத் துணிமேல் ஒரு கறுப்புப் பூச்சி. தட்டினால் போக மாட்டேன் என்கிறது.

மார்ச் 8, சனி

நிலையத்திலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். முப்பதுக்குள்தான் இருக்கும். நான் சொன்னதைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை. அதற்கே அவளைக் கும்பிடலாம். மாடியில் நின்று விமான நேரங்களையும் கோபுர விளக்குகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பிறகு என் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு நாள் கிழக்கு, ஒரு நாள் தெற்கு, ஒரு நாள் மேற்கு. ஆனா மூணு நாளும் நீங்க பார்த்துட்டிருந்த இடத்துக்கு வலப்பக்கம் அதே இருபத்தாறு அங்குலமா?"

"அளவுல நான் தப்பு பண்ண மாட்டேம்மா."

"அதான்க்கா பயமா இருக்கு."

கீழே துணி அடுக்கும் அறைக்குக் கூட்டிப்போய் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு விழியை மட்டும் இப்படியும் அப்படியும் உருட்டச் சொன்னாள். உருட்டினேன். அதே கீற்று! வானமும் இல்லை, ஒன்றும் இல்லை, மூடிய கண்ணுக்குள்.

எனக்கு வந்ததே கோபம். அப்போ நான் பொய் சொன்னேனா? இவ்வளவு நாள் புளுகினேனா?

"பொய் இல்லக்கா. வெளிச்சம் நிஜம். ஆனா அது உங்க வலது கண்ணுல இருக்கு. எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஒரு வாரம் பார்க்கலாம்னு விட்டுட்டாரு. பார்வை போயிடுச்சு. நீங்க இப்பவே கிளம்புங்க."

கண் போனால் நான் எதை வெட்டுவேன்? எதைத் தைப்பேன்?

மார்ச் 9, ஞாயிறு

நேற்றே சிகிச்சை முடிந்தது. விழித்திரையில் கிழிசலாம். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் மொத்தமும் பிய்ந்து வந்திருக்குமாம்.

"கிழிசல்னா தைச்சிடுங்களேன் டாக்டர்" என்று நடுக்கத்தில் உளறினேன்.

"தையல் வேண்டாம்மா. லேசர்ல சுத்தி ஓரம் அடிச்சிடலாம்" என்று சிரித்தார். நல்லா இருக்கணும் அந்த மனுஷன்.

வெளியே வந்தால் இவர் என் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "கிண்டல் பண்ணிட்டேனே, பண்ணிட்டேனே" என்று ஒரே புலம்பல். அழுமூஞ்சி. ஆனாலும் ராத்திரி முழுக்க மணி பார்த்துச் சொட்டு மருந்து விட்டது இவர்தான்.

மார்ச் 10, திங்கள்

எழுதக் கூடாதாம். ஒரே வரி: தெரிகிறது.

மார்ச் 24, திங்கள்

வேலைக்குப் போனேன். நாற்பது சட்டை வெட்டினேன், ஒன்றுகூடக் கோணவில்லை. கண்ணுக்குள் அந்தக் கறுப்புப் பூச்சி இன்னும் ஓடுகிறது. டாக்டர் பயப்பட வேண்டாம் என்றார், ஓடட்டும். கத்தரிக்கோலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்து முதலாளியம்மா, "என்னம்மா, கல்யாணப் பொண்ணு மாதிரி சிரிக்கிறே?" என்றார். சிரிக்காமல் என்ன செய்ய?

ஏப்ரல் 17, வியாழன்

அந்தப் பெண்ணிடமிருந்து கடிதம்.

"அக்கா, பழைய படிவங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரே ஓரத்தில் வெளிச்சம் கண்டவர்கள் மூன்று பேர். போன் செய்தேன். ஒருவருக்குக் காலம் கடந்துவிட்டது. இரண்டு பேருக்குச் சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிறார்கள். அதில் ஒருவர் லாரி ஓட்டுகிறவர்."

கூடவே புதிதாக அச்சடித்த படிவம் ஒன்று. முதல் கேள்வியை இவர்தான் சத்தமாகப் படித்தார்: 'இருட்டறையில் கண்ணை மூடினாலும் வெளிச்சம் தெரிகிறதா? ஆம் என்றால், மீதியை நிரப்ப வேண்டாம். இன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.'